வெறும் டீ

எங்கள் பாரில் டீ என்றால் டீ இல்லை. இஞ்சி டீ என்றால் இஞ்சிப் பாகும் ரம்மும். அன்னாசிப்பூ டீ என்றால் பிராந்தி. லிச்சி டீ என்றால் ஜின். லிச்சி டப்பா கிடைக்காத மாதங்களில் அதில் நுங்கு மிதக்கும், யாரும் குறை சொன்னதில்லை. சரக்கு சேராமல், பாகில் வெந்நீர் மட்டும் ஊற்றித் தரவேண்டுமென்றால் "வெறும் டீ" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

இந்தப் பாஷையை யாரும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கவில்லை. என் கணவர் சிங்கப்பூரில் ஒரு சீனர் நடத்திய பாரில் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் ஊர் திரும்பினார். மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்த காலம் அது. இவர் நீலப்பூ போட்ட பீங்கான் கெட்டில்களையும் காதில்லாத குட்டிக் கோப்பைகளையும் வைக்கோல் சுற்றி ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மகாபலிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு லாட்ஜ். அதற்கு பார் லைசென்ஸ் இருந்தது, நடத்தத்தான் ஆள் இல்லை. அதன் மாடியை இவர் எடுத்துக்கொண்டார், ஒரு பக்கம் பாருக்கு, ஒரு பக்கம் எங்கள் குடித்தனத்துக்கு. சிங்கப்பூர் முதலாளி செய்தது போலவே கலவைகளைக் கெட்டிலில் ஊற்றி, கோப்பைகளோடு கொண்டுபோய் வைத்தார்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு அது வேடிக்கை. நம்மூர் ஆட்களுக்கு அது வரப்பிரசாதம். மாடி ஜன்னல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து இருந்தது. பஸ்ஸில் போகிற யாராவது அண்ணாந்து பார்த்தால், பாட்டிலும் கிளாஸுமாக உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றிய சேதி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். கெட்டிலும் கோப்பையும் என்றால் கவலையில்லை. செங்கல்பட்டு ஆபீஸ்காரர்களும் திருக்கழுக்குன்றத்து வாத்தியார்களும் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்து, சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு கண்ணியமாகக் குடித்தார்கள். "இன்னொரு டீ சொல்லுங்க" என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து நான் எத்தனை நாள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்!

போர்டில் ஒரு டிராகன் வேண்டுமென்று இவர் ஆசைப்பட்டார். எழுத வந்தவர் பரம்பரையாகக் கோயில் வேலை செய்கிற குடும்பம். டிராகனை நேரில் கண்டவரில்லை, யாளியைத்தான் தினமும் பார்க்கிறவர். சிவப்புப் பெயின்ட்டில், துதிக்கையோடு, பிடரி சிலிர்த்துக்கொண்டு ஒரு யாளி வந்து நின்றது. இவர் முகம் வாடிவிட்டது. "அதுவும் வாயைப் பொளந்துகினுதானே கீது, வுடு அண்ணாத்த" என்று தேற்றியவர் எங்கள் சமையல்காரர். சதுரங்கப்பட்டினத்துக்காரர். சென்னையில் ஒரு தள்ளுவண்டியில் ஃபிரைட் ரைஸ் போட்டவர். சீனச் சமையல் என்றால் தீ ஆளுயரம் எழும்ப வேண்டும், அவ்வளவுதான் என்பது அவர் கொள்கை. கடம்பா என்று அவர் சொல்லும் கணவாயையும் நெத்திலியையும் பூண்டு, மிளகாய் போட்டு, சோயா சாஸ் ஊற்றிப் புரட்டிக் கொட்டுவார். சைவ அயிட்டங்கள் என் பொறுப்பு. அன்னாசிப்பூ போட்டு வேகவைத்த வேர்க்கடலைக்கும், முட்டைகோஸ் சுருளுக்கும் என் பெயரைச் சொல்லித்தான் ஆட்கள் வந்தார்கள். சமையல்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சிங்கப்பூரிலிருந்து வந்த பாகு பாட்டில்கள் சீக்கிரமே காலியாகிவிட்டன. அந்த ருசி இல்லாமல் கெட்டிலில் ஊற்றினால் அது வெறும் ரம் தண்ணீர். இவர் நாலு நாள் தூக்கமில்லாமல் சுற்றினார். அப்போது எனக்குச் சளி. அடுப்பில் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. இஞ்சி, அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு. இவர் வந்து கரண்டியில் ஒரு வாய் எடுத்து ருசித்தார். கண் விரிந்தது, நாக்கில் சிங்கப்பூர் 'லா' வந்துவிட்டது.

"இதுதான் லா! இதே வாசனதான்! சீனங்க மருந்துக் கடையில இதேதான் இருக்கும். இத்தினி நாளா இத எங்க வச்சிருந்த?"

இதை எங்கே வைத்திருந்தேன் என்றால், என் அப்பாவின் தொண்டையில். அப்பா திருக்கழுக்குன்றத்தில் ஓதுவார். காலையிலும் மாலையிலும் சாமி முன்னால் நின்று பதிகம் பாடுகிறவர். அந்தக் குரலுக்காக அம்மா வருஷம் முழுக்கக் காய்ச்சிய கஷாயம் அது. எல்லோரும் சித்தரத்தையைத் தட்டி அப்படியே போடுவார்கள். அம்மா வெறும் சட்டியில் வறுத்துத் தட்டிப் போடுவாள். கருகுவதற்குச் சற்று முன் எழும் அந்த வாசனை வேறு எந்த வீட்டுக் கஷாயத்திலும் வராது. இவர் அதில் அன்னாசிப்பூவைச் சேர்த்து, சுண்டக் காய்ச்சிப் பாகாக்கச் சொன்னார். அதுதான் எங்கள் பாரின் சீன ருசி. செங்கல்பட்டு நாட்டுமருந்துக் கடையில் நான் அதிமதுரம் வாங்குகிற அளவைப் பார்த்து, "வூட்ல யாருக்கும்மா இம்மாம் இருமலு?" என்று கடைக்காரர் விசாரித்தார். ஊருக்கே என்றேன்.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. அவர் எங்கள் வீட்டுக்கு வருவதே இல்லை. கல்யாணத்தின்போது தரகர் சொன்னது, மாப்பிள்ளை சிங்கப்பூரில் ஓட்டல் மேனேஜர் என்று. பொய்யில்லை, பார் அந்த ஓட்டலுக்குள்தான் இருந்தது. திரும்பி வந்து இவர் மாடியில் யாளியை மாட்டியதும்தான் விஷயம் வெளியே வந்தது. அப்பா கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை, தொண்டையை வீணாக்க மாட்டார். "அந்தப் படியை மிதிக்க மாட்டேன். அந்த வீட்டுத் தண்ணி என் தொண்டையில இறங்காது" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் பேத்தியைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. பிரசாதப் பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்து, ஸ்டாண்டில் இருந்த டீக்கடை ஓரம் நிற்பார். கடைக்காரரிடம் சொல்லியனுப்புவார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். "மாப்பிள்ளை சௌக்கியமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார், ஒரு தடவையும் எதிரே இருக்கிற படியில் ஏற மாட்டார். அவர் வருகிறார் என்று தெரிந்தால் இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாடியில் வந்து நிற்பார். அப்பா தப்பித்தவறி நிமிர்ந்தால் ஒரு வணக்கம் போட்டுவிடலாமே என்றுதான். அப்பா வானத்தைப் பார்ப்பதுபோல் ஒருமுறை அண்ணாந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இவர் தலையைச் சொறிவார். இருவர் மேலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அப்பா ஒருதடவை படியேறி வந்து என் வீட்டில் உட்கார வேண்டும். வேறு எந்தச் சீரும் நான் கேட்கவில்லை.

அம்மா வருவாள். அப்பாவைக் கீழே நிற்கவைத்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்து, என் அடுப்புப் பக்கம் மணை போட்டு உட்காருவாள். பாகு கொதிப்பதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "ஏன்டி, உங்கப்பா தொண்டைக்குன்னு காய்ச்சினது, இப்ப ஊர்ல இருக்கிறவன் தொண்டையில எல்லாம் இறங்குது. அவர் காதுல விழுந்தா உன்னையும் என்னையும் சங்கு தீர்த்தக் குளத்துல தள்ளிடுவார்" என்பாள். சொல்லிவிட்டு, சித்தரத்தை இன்னும் கொஞ்சம் வறுபடட்டும் என்று சட்டியை அவளே வாங்கிக்கொள்வாள்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாளில் அம்மா போய்விட்டாள். அப்பா தனியாக இருந்தார். கோயிலை விட்டு எங்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். நான் சனிக்கிழமைகளில் போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவேன். அது அவர் வீடு, அவர் அடுப்பு, அதனால் சாப்பிட்டார். கஷாயம் காய்ச்சட்டுமா என்று கேட்டால் மட்டும், "எதுக்கு, தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்து போய்விடுவார். அம்மாவின் சட்டி பரணில் கவிழ்ந்தே கிடந்தது.

அந்த வருஷம் கார்த்திகையில் விடாத மழை. சோமவாரத்துக்குச் சங்காபிஷேகம் நெருங்கிக்கொண்டிருந்தது, அப்பா பாட வேண்டும். அந்த நேரம் பார்த்து அவருக்குக் குரல் கட்டிக்கொண்டது. என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய் அவர் வீட்டு அடுப்பில் கஷாயம் காய்ச்சச் சொல்லலாம் என்று, கேட்க மனமில்லாமலே பஸ் ஏறியிருக்கிறார். வந்து இறங்கினால் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர். டீக்கடை மூடியிருந்தது. சொல்லியனுப்ப ஒரு ஆள் இல்லை. நனைந்து, நடுங்கி, வேறு வழியில்லாமல் எங்கள் படியில் ஏறிவிட்டார்.

படியேறினால் வலது பக்கம் எங்கள் குடித்தனம், இடது பக்கம் பார். முன்பின் வராதவருக்கு அது எப்படித் தெரியும்? வலது பக்கக் கதவு சாத்தியிருந்தது. இடது பக்கம் திறந்திருந்தது. உள்ளேயிருந்து அவருக்குப் பழக்கமான வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால் பழக்கமான முகமும் இருந்தது. அது எச்.எம். திருக்கழுக்குன்றத்தில் தலைமையாசிரியராக இருந்து ரிட்டையரானவர். அப்பா பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர். பிரசாதம் உண்ண மலைக்கோயிலுக்குக் கழுகு வருவது நின்றுபோயிருந்த காலம் அது. எச்.எம். மட்டும் உச்சிவேளைக்குத் தவறாமல் எங்கள் மாடிக்கு வந்து இறங்குவார். ஒரு இஞ்சி டீ, ஒரு தட்டு வேர்க்கடலை, ஒரு பேப்பர். அவர் வருவதை நான் அப்பாவிடம் சொன்னதில்லை. அப்பாவின் நலத்தை என்னிடம் சொல்ல அவர் தவறியதில்லை.

பிறகு நடந்ததை எச்.எம்மே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்பா வாசலில் நின்று, வராத குரலில், "நீங்களா! இங்கே எங்கே?" என்றாராம். "மழைக்கு ஒரு டீ... டீ குடிக்கலாம்னு" என்றிருக்கிறார் எச்.எம். அப்பா சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். எல்லா மேஜையிலும் கெட்டில், எல்லார் கையிலும் கோப்பை, எல்லாரும் பெரிய மனிதர்கள். மாப்பிள்ளையின் பார் உள்ளே வேறெங்கோ இருக்கிறது, இது நல்ல டீக்கடை என்று நினைத்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு சொல்லுங்க" என்றிருக்கிறார்.

வெறும் டீ என்று சொல்லியிருக்க வேண்டும். எச்.எம்முக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஐயாவுக்கு ஒரு டீ" என்றுதான் வாயில் வந்தது. "எத்தனை பிள்ளைகளுக்குப் பெயரடை நடத்தின வாய்ம்மா இது. வேணும்கிற நேரத்துல ஒரு பெயரடை வரலையே" என்று இன்றைக்கும் நெற்றியில் தட்டிக்கொள்வார்.

மழைக்கு அன்று சப்ளையர் வரவில்லை. இவர் கீழே பின்பக்கம் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் புதிதாகக் காய்ச்சிய பாகைத் தூக்கிக்கொண்டு என் வீட்டிலிருந்து பாருக்கு வந்தேன். வாசலிலேயே சமையல்காரர் நிறுத்தினார்.

"அண்ணி, எச்செம்மு கூட ஒரு பெரியவரு குந்திகினு கீறாரு. தொப்பரையா நெனஞ்சிட்டாரு. டீ கேட்டாரு, இஞ்சி டீயா குட்த்துட்டேன். குளுருக்கு நல்லா கேக்கும்ல?"

"யாரு?"

"யாரு கண்டா. நெத்தி பூரா பட்ட. கொரலே வரல பாவம்."

எட்டிப் பார்த்தேன். அப்பா கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். எச்.எம். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அப்பாவை அறிந்தவர்கள் வேறு சிலரும் அங்கே இருந்தார்கள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கத்தவேண்டும் என்று நினைத்தேன். கையில் கொதிக்கிற பாத்திரம், குரல் வரவில்லை. அப்பனுக்குத் தப்பாத மகள்.

ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். கோப்பை அப்படியே கையில் நின்றது. இப்போது தூக்கி எறியப்போகிறார், படியிறங்கப்போகிறார், இனி பஸ் ஸ்டாண்டுக்குக்கூட வரமாட்டார் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சித்தரத்தையை வறுத்துத்தான் போட்டிருக்கே" என்றார்.

மீதியையும் குடித்தார். காலிக் கோப்பைக்குள் பார்த்தார். "கொஞ்சம் காட்டமா இருக்கு."

"மிளகு" என்றார் எச்.எம்.

"ஆமாங்க, இங்க மிளகு தூக்கலாப் போடுவாங்க" என்றார் பக்கத்து மேஜைக்காரர், யாரும் அவரைக் கேட்காமலே.

"மிளகா? சரி" என்றார் அப்பா.

நான் பாய்ந்துபோய்க் கெட்டிலை எடுத்துக்கொண்டேன். ஆறிவிட்டது, வீட்டுக்கு வாருங்கள், சூடாகத் தருகிறேன் என்று உளறினேன். அதற்குள் இவர் பின்பக்கப் படியேறி உள்ளே வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, மடித்துக் கட்டிய லுங்கியோடு. அப்பாவைப் பார்த்ததும் லுங்கியை அவிழ்த்து விட்டுக்கொண்டு, "வாங்க மாமா" என்றார். எத்தனையோ நாள் மாடியில் நின்று பயின்றுவைத்திருந்த வணக்கம்கூட மறந்துவிட்டது.

"மாப்பிள்ளை, முதல்ல தலையைத் துவட்டுங்க. சளி பிடிச்சுக்கும்" என்றார் அப்பா.

துவட்டப்போனவர் வெகுநேரம் வரவில்லை.

அப்பா எங்கள் வீட்டுக்குள் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பாகில் வெந்நீர் மட்டும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்த இரண்டாவது கெட்டிலை முழுக்கக் குடித்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் தாத்தாவை எங்கள் வீட்டு நாற்காலியில் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டேனா என்று வாசலிலேயே நின்றாள். சோமவாரத்தன்று நான் போய்க் கேட்டேன். குரல் கணீரென்று வந்தது. தாளம்தான் அன்றைக்குக் கொஞ்சம் தடுமாறியது.

நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை. குடித்தது என்னவென்று தெரியாமல் வந்த சமாதானம்தானே அது? என்றைக்காவது யாராவது கேலியாகப் போட்டு உடைத்துவிட்டால்? கழுத்தில் உத்திராட்சம் போட்ட மனிதர், சாமி முன்னால் நிற்கிறவர். ஏமாற்றிக் குடிக்கவைத்தார்கள் என்று நினைத்துவிட்டால், இந்த ஜென்மத்துக்கு என் முகத்தில் விழிக்க மாட்டார். எச்.எம். மூச்சுவிட மாட்டேன் என்று கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தார். அப்பா சனிக்கிழமைகளில் நான் சமைத்ததைச் சாப்பிட்டார், அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படியேறி மறுபடி வரவும் இல்லை. அந்த ஒரு வருஷம் நான் தின்ற சோறு எனக்கு ஒட்டவில்லை.

அடுத்த கார்த்திகை வந்தது. மழை இல்லை, பளிச்சென்று வெயில். டீக்கடை திறந்திருந்தது. சொல்லியனுப்ப ஆளும் இருந்தது. மாடியிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்பா பஸ்ஸை விட்டு இறங்கினார், ரோட்டைக் கடந்தார், நேராக எங்கள் படியில் ஏறினார். இவர் அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டார். அப்பா மேலே வந்து, இடது பக்கம் பாரின் வாசலில் நின்று, தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு சமையல்காரரைப் பார்த்து, நல்ல குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எனக்கு வெறும் டீ."

ஜன்னலோரத்தில் எச்.எம்முக்குப் புரையேறியது. நான் அப்பாவை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு வந்து, இவரும் பின்னால் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"அப்பா, உங்களுக்கு அந்த வார்த்தை யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? போன வருஷம் டீன்னு மட்டும் சொன்னதாலதானே அது வந்தது. அப்ப வெறும் டீன்னுதானே கேக்கணும்?"

"அப்ப... அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வாயில வச்சதுமே தெரிஞ்சுது. மிளகுன்னா எனக்குத் தெரியாதா?" பின்னால் நின்ற மாப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தார். "மறுநாளே குளத்துல முழுக்குப் போட்டுட்டேன். அது எனக்கும் சாமிக்கும்."

"தெரிஞ்சும் ஏன்ப்பா குடிச்சீங்க?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அவ போனதுக்கு அப்புறம் அந்த ருசி வாயில படவே இல்லை. கீழ வைக்க மனசு வரலைம்மா."

சமையல்காரர் கதவைத் தட்டிக் கெட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா மூடியைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டார். பிறகு இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார்.